துரைக்கு வரும் தபால்

என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரே புகழும். புகழட்டும். அன்றைக்குத் தபால் நிலையத்தில் அவர் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், பொய்கூட வேண்டாம், வாயை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும், எனக்கு இத்தனை வார நரகம் வந்திருக்காது. ஆனால் கையெழுத்துப் போட்டது நான். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த வீடு. திடீரென்று ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப்போவதாகச் சொன்னார். இரண்டு மாதம் தவணை கொடுத்தார். நல்ல மனிதர்தான், கெட்ட வார்த்தை சொல்லவும் வழியில்லை. நாங்கள் வேறு வீடு பார்த்து, அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம். என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். முப்பது வருடமாக பாட்டில்களுக்கு லேபிள் எழுதிய கை. அச்சுப்போல எழுதுவார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினார். என் பொருள்கள் இருந்த ஒன்பது பெட்டிகளுக்கும் ஒரே லேபிள்தான்: 'மனைவியின் சில்லறைச் சாமான்கள்'. என் மூக்குக்கண்ணாடி அந்த ஒன்பதில் ஏதோ ஒன்றுக்குள் போய்விட்டது.

நான் தையல்காரி. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாது, படிக்கவும் முடியாது. இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம், புது வீட்டில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எனக்குச் சாமான் கவலை இல்லை. தபால் கவலைதான் பெரிதாக இருந்தது.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. நான்தான் தூக்கி வளர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, அந்தக் குறை தெரியாமல் என் இடுப்பிலேயே வளர்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தான், பக்கத்திலேயே தண்ணீர் வாரிய அலுவலகத்தில் ஒரு வேலையும் கிடைத்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருப்பான். எனக்கு அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது. எனக்குத் தெரியாமல் ஒரு பாலம் கட்டும் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பத்து வருடத்துக்கு முன்னால், அந்தக் கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு அவன் பெயருக்கு வந்தது. தபாலை வாங்கியவள் நான்.

பிரித்துப் படித்தேன். எங்கேயோ ஒரு காட்டாற்றின் கரையில், இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டுமாம். நான் அதை மடித்து, தையல் மிஷின் இழுப்பறையில் பட்டன் டப்பாக்களுக்கு அடியில் வைத்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினாறு நாள் அது அங்கே இருந்தது. அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, தலைவலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தின் மேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பட்டன் ஒன்று அறுந்துபோய், அவனே இழுப்பறையைத் திறந்த அன்று தேதி இருபத்திநான்கு.

"இது என் பேருக்கு வந்த லெட்டர்" என்றான்.

"உன் நல்லதுக்குத்தான்டா."

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கிற புத்தி உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

நான் அப்போதே 'தப்புதான்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மன்னிப்பு மட்டும் வராது. "வளர்த்தவளைக் கேள்வி கேட்கிறியா?" என்று கத்தினேன். அவனும் கத்தினான். என் ரத்தம்தானே, கேட்கவா வேண்டும். அடுத்த வாரம் வேறு ஒரு பாலக் கம்பெனியோடு கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, "இனிமே உன் பேருக்கு ஒரு வரி எழுதினா என்னைச் செருப்பால அடி" என்றான். "எழுதாதே, இங்க யாரு ஏங்கிக் கிடக்கிறா" என்றேன் நான். அன்றோடு அவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

எட்டு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. தபால்காரர் வெளியே நின்று, "திரு. துரைன்னு யாருங்க இந்த வீட்டுல?" என்று கேட்டார்.

துரை எங்கள் நாய். தம்பி கூட்டிக்கொண்டு வந்த குட்டி. வந்த அன்றே நாற்காலியில் ஏறிப் படுத்ததால் அந்தப் பெயர். அதே தபால்காரரின் கெண்டைக்காலில் ஒருமுறை பல் பதித்தவன். நான் கையைக் காட்டினேன். தபால்காரர் உறையைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். "கடிக்கிறதும் இல்லாம இவருக்கு லெட்டர் வேறயா?" என்று கேட்டு கேட் கம்பி வழியாக நீட்டினார்.

பிடிவாதக்காரன். எனக்கு எழுதமாட்டேன் என்றான், எழுதவில்லை. துரைக்கு எழுதினான். வருடத்துக்கு மூன்று, நான்கு. இரும்பில் குறிபோடும் தடித்த நீலப் பென்சிலால் எழுதுவான். 'துரை, நலமா? நடு ஆற்றில் தூண் இறக்குகிறோம். குளிர் எலும்பில் ஏறுகிறது. உன் வீட்டு அம்மாவுக்கு முதுகுவலி எப்படி? குனிந்தே தைக்க வேண்டாம் என்று சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்.' இப்படி இருக்கும். உறையின் மேல் அனுப்புநர் விலாசம் இருக்காது, உள்ளேயும் இருக்காது. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த ஆறு. நான் பதில் எழுத வழியே இல்லை. வழி இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

துரையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் துரை போய்விட்டான். வயதாகிவிட்டது, நான்கு நாள் சாப்பிடவில்லை, ஐந்தாம் நாள் மிஷினுக்குக் கீழே என் பாதத்தின் மேல் தலையை வைத்தபடியே போனான். தம்பிக்குச் சொல்ல விலாசம் இல்லை. கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் மட்டும் படித்தேன்.

ஆக, இடிக்கப்போகிற அந்த வீட்டு விலாசமும், செத்துப்போன ஒரு நாயின் பெயரும்தான் எனக்கும் தம்பிக்கும் நடுவில் மிச்சம் இருந்தவை. இவை இரண்டும் அறுந்துபோனால் அவன் எங்கேயோ நான் எங்கேயோ. நாங்கள் வீடு மாறியது தெரியாமல் அவன் எழுதுவான், கடிதம் காணாமல் போகும். என்றாவது ஒருநாள் மனசு மாறி வந்து நின்றால் அங்கே செங்கல் குவியல்தான் இருக்கும். இதுதான் என் கவலை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கணவரையும் இழுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. விலாசம் மாற்றுவதற்கு ஒரு பாரம் கொடுத்தாள். குடும்பத்தில் யார் யாருக்குத் தபால் வருமோ, ஒரு வரிக்கு ஒருவராகப் பெயர் எழுத வேண்டும். பக்கத்தில் அவரவர் கையெழுத்து. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதினேன். முதலில் கணவர், இரண்டாவது துரை, மூன்றாவது நான். எனக்கு யார் எழுதப்போகிறார்கள், துரை வரி பத்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பு. விலாசத்தில் எண் மாறிப்போய் ஒரு இடத்தில் அடித்துவிட்டேன்.

"அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதும்மா" என்று அந்தப் பெண் கிழித்துப்போட்டு வேறு பாரம் கொடுத்தாள்.

"குடு, நான் எழுதறேன்" என்று என் கணவர் வாங்கி, ஓரமாகப் போய் நின்று, அச்சுப்போல எழுதிக்கொண்டு வந்தார். எழுதும்போதே அவருக்கு ஒரு நியாயம் தோன்றியிருக்கிறது. மனிதர்களை முதலில் எழுதிவிட்டு நாயைக் கடைசியில் எழுதுவோம் என்று. அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அந்தப் பெண் பாரத்தைப் பார்த்தாள். "துரைங்கறவர் எங்க? அவரும் கையெழுத்துப் போடணுமே."

"அவர் வர முடியாது" என்றேன்.

"உடம்பு சரியில்லையா? அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நானே ஒரு கிறுக்கல் போட்டு, பத்து நிமிடத்தில் திரும்பக் கொடுத்திருப்பேன். மனக்கணக்கு எல்லாம் போட்டாகிவிட்டது. அதற்குள் பக்கத்தில் நின்ற அரிச்சந்திரன் வாயைத் திறந்தார்.

"துரை செத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்களே."

போட்டு உடைத்துவிட்டார். அந்தப் பெண் முகம் மாறி, "அடடா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றேன். இவர், "அது வந்துங்க, அவன் ஒரு..." என்று ஆரம்பித்ததும் செருப்புக் காலால் அவர் காலை மிதித்தேன்.

"இறந்தவங்க பேருக்கு வர்றதைப் புது வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா. அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவோம்."

"அனுப்பறவன் விலாசம் எழுதமாட்டானே!"

"அப்ப மேல அனுப்புவோம். அங்க பிரிச்சுப் பார்ப்பாங்க. உள்ளேயும் விலாசம் இல்லைன்னா கிழிச்சுடுவாங்க."

கிழித்துவிடுவார்களாம். அந்தப் பேரே வேண்டாம், அடித்துவிடுகிறேன் என்றேன். அடித்தால் பாரம் செல்லாது என்றாள். வேறு பாரம் கேட்டேன். இறந்தது தெரிந்த பிறகு எழுதாமல் விட முடியாது, குறிப்புக் கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன், கணவரோடு சண்டை போட்டேன், பின்னால் நின்று உச்சுக் கொட்டிய ஆளோடும் சண்டை போட்டேன். "ஏம்மா, சீக்கிரம் எழுதிக் குடுத்துட்டு நகருங்களேன்" என்றார் அவர். வந்த ஆத்திரத்தில் பேனாவைப் பிடுங்கினேன். எழுத்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, கோடுகள் மட்டும் தெரிந்தன. இரண்டாவது கோட்டில் துரை, மூன்றாவதில் நான். என் நினைவில் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது கோட்டில் 'காலமானார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது கோட்டில் என் கையெழுத்தை மட்டும் போட்டேன். அந்தப் பெண் பார்க்காமலே முத்திரை குத்தினாள்.

வெளியே சைக்கிளோடு நின்றிருந்த பழைய தபால்காரரிடம் ஓடினேன். "அண்ணே, துரைக்கு ஏதாவது வந்தா திருப்பிடாதீங்க. எப்படியாவது என்கிட்ட சேர்த்துடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கெண்டைக்கால்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போன ஆளாச்சே, மறப்பேனா? நீல எழுத்தைப் பார்த்தா நானே எடுத்து வெச்சுக்கறேன், போங்க தங்கச்சி" என்றார். எனக்கு உயிர் வந்தது.

புது வீடு மூன்றாவது மாடி. கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் தகரத் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு எட்டாவது பெட்டி. தினமும் மூன்று தடவை இறங்கி ஏறினேன். கணவருக்கு வந்தவை எல்லாம் புது விலாசம் ஒட்டிய மஞ்சள் சீட்டோடு ஒழுங்காக வந்து சேர்ந்தன. சங்கத்துச் சுற்றறிக்கை, ஓய்வூதிய விவரம், பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை. "பார்த்தியா, எல்லாம் டாண் டாண்ணு வருது" என்றார் பெருமையாக. நீல எழுத்து வரவில்லை. பாலம் வேலை மும்முரமாக இருக்கும், எழுத நேரம் இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடி ஏழாவது பெட்டியில் கிடைத்தது, ஒரு பக்கம் விரிசலோடு. கண் மருத்துவமனையில் நாள் கேட்டு எழுதியிருந்தேன், தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பதிவில் எங்கள் பழைய விலாசம்தான் இருந்தது. ஐந்து வாரம் ஆகியும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"உங்க பேருக்கு அனுப்பினது திரும்பி வந்திருக்குங்க" என்று உறையை எடுத்து நீட்டினார்.

என் பெயருக்குக் குறுக்கே செவ்வக முத்திரை. முத்திரைக் கட்டத்துக்குள் 'பெறுபவர் காலமானார்' என்று இருந்தது.

எப்படித் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. பழைய தபால்காரர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். தெருவுக்கு ஓர் அறையாகப் பிரித்த மர அடுக்கு, எங்கள் தெரு அறையின் விளிம்பில், பாரத்தைப் பார்த்து எழுதிய எங்கள் சீட்டு ஒட்டியிருந்தது. வெளியூர்த் தபாலை உள்ளே பிரித்து அடுக்குகிற ஆள் அதைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டியதை அனுப்பி, திருப்ப வேண்டியதைத் திருப்பிவிடுகிறார். மிச்சம்தான் தபால்காரர் கைக்கே வரும். விரிசல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒன்று, கணவர், புது விலாசம். இரண்டு, நான், காலமானார். மூன்று, துரை, புது விலாசம்.

"எழுதினது யாரு?" என்று கத்தினேன். கவுண்டர் பெண் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பெயர், நேராகக் 'காலமானார்', பக்கத்தில் என் கையெழுத்து. என் சாவுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துரை வரியிலும் என் கையெழுத்து, அவன் நன்றாக உயிரோடு இருக்கிறான். கண் ஆஸ்பத்திரி கடிதம்தானே, போகட்டும் என்று சிரித்திருப்பேன். ஆனால் அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தப் பேருக்கு இன்னொண்ணும் வந்துதும்மா. மூணு வாரம் இருக்கும். பெரிய பெரிய எழுத்தா, நீலப் பென்சில்ல. அனுப்புநர் விலாசம் இருந்துச்சு, திருப்பிட்டேன்" என்றார்.

தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் துரை பேரைத்தானே பார்த்துட்டு இருந்தேன், பாவி."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக என் தம்பி என் பெயருக்கு எழுதியிருக்கிறான், விலாசத்தோடு. அது செத்துப்போனாள் என்று அவனிடமே திரும்பிப் போயிருக்கிறது. எந்த விலாசம், எந்த ஊர் என்று கேட்டேன். அந்த ஆளுக்கு ஞாபகம் இல்லை. சாதாரணத் தபாலைப் பதிவேட்டில் எழுதுவதில்லையாம். ஊர் பேரில் முதல் எழுத்தாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கண்ணை மூடி யோசித்தார், பாவம். வரவில்லை.

சீட்டைத் திருத்த வேண்டும் என்றால் நான் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றாள் கவுண்டர் பெண், அழாத குறையாக. "இதோ உன் முன்னாடி நின்னு கத்தறேனே, இது போதாதா?" என்றேன். அடையாள அட்டையைக் காட்டினேன். புதுப் பாரத்தில் மூன்று வரியும் நானே எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? அவன் எங்கேயோ ஒரு தகரக் கொட்டகையில் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். உயிரோடு இருக்கிறேன்டா என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. தெரிந்த பாலக் கம்பெனிகளுக்கெல்லாம் கணவர் போன் செய்தார். அப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எந்த ஊர் வேலை என்று கேட்டார்கள். மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு பள்ளிச் சீருடைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். என் கணவர் என் முன்னால் வந்து நின்று, "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது" என்றார். "நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க. பதினாறு நாள் ஒளிச்சு வெச்சவ நான்தானே" என்றேன். அதைக் கேட்டு அவர் பயந்துவிட்டார். நான் கத்தாமல் பேசினால் அவருக்குப் பயம்.

ஒன்பதாம் நாள் எட்டாவது பெட்டியில் மஞ்சள் சீட்டு ஒட்டிய தடித்த உறை ஒன்று கிடந்தது. நீலப் பென்சில். கணவர் பெயருக்கு. பின்பக்கம் முழு விலாசம், போன் நம்பர்.

அங்கேயே முதல் படியில் உட்கார்ந்து பிரித்தேன்.

'மாமாவுக்கு,

வீம்பை விட்டுட்டு அக்கா பேருக்கு நான் எழுதின லெட்டர் காலமானார்னு திரும்பி வந்துச்சு. எப்போ, எப்படின்னு தெரியல. எனக்குச் சொல்ல நீங்க எங்கே தேடியிருப்பீங்க? விலாசம் குடுக்காத நாய் நான்.

ரெண்டு நாள் வேலைக்குப் போகல. பயலுங்க வந்து என்னடான்னு கேட்டாங்க. அக்கா செத்துட்டான்னு சொன்னேன். உனக்கு அக்கா இருக்காளான்னு கேட்டாங்க மாமா. பத்து வருஷமா கூட வேலை செய்யறவனுங்க. அப்படித்தான் இருந்திருக்கேன்.

அவ என் லெட்டரை ஒளிச்சது தப்புதான். இப்பவும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா சொன்னா எதிர்த்துக் கத்த அவ இல்லையே. இனிமே நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?

அவ மிஷினை யாருக்கும் குடுத்துடாதீங்க. துரையை நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வயசான காலத்துல அவனைப் பார்த்துக்க இனி யாரு இருக்கா. எனக்கு லீவு கிடைக்க இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அவனுக்கு அவ புடவை ஏதாவது ஒண்ணைக் கீழே விரிச்சு விடுங்க.'

கீழ்வீட்டுக்காரி வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். என்ன சொல்வது? என் சாவுக்கு நானே அழுதுகொண்டிருக்கிறேன் என்றா?

மேலே ஓடிப்போய்க் கணவரின் போனைப் பிடுங்கி நம்பரைப் போட்டேன். இரண்டு எண் மாறிப்போய் மறுபடி போட்டேன். மணி அடித்தது. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆண் குரல், "யாருங்க?" என்றது. பத்து வருடத்தில் குரல் தடித்திருந்தது.

கணவர் எதிரே நின்று, பேசு, பேசு என்று கையை ஆட்டினார்.

"மாமாவா?" என்றான். "மாமா, சொல்லுங்க மாமா."

"நான் செஞ்சது தப்புதான்டா" என்றேன்.

அவன் எங்கேயோ நடந்து போயிருக்க வேண்டும், இரும்புச் சத்தம் குறைந்தது.

"யாரு?" என்றான். கேட்டது அவன்தானா என்றே தெரியவில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

"உன் அக்காதான்டா. பாரத்துல வரி மாறி எழுதிட்டேன். கண்ணாடி இல்ல. ஒண்ணும் ஆகல எனக்கு, முதுகுவலி ஒண்ணுதான்."

அவன் அழுதான். பெரிய ஆம்பிளை, நடு ஆற்றில் தூண் இறக்குகிறவன், ஒன்பது வயதில் அழுத மாதிரியே விக்கி விக்கி அழுதான். நானும் அழுதேன். என் கணவர் எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து மூக்கை உறிஞ்சினார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு அவனுக்கு ஏதோ உறைத்திருக்கிறது.

"வரி மாறிடுச்சுன்னா... அப்ப செத்தது யாரு?"

நான் சொன்னேன். எப்போது என்றும் சொன்னேன். என் பாதத்தின் மேல் தலை வைத்திருந்ததையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சா?" என்றான். "அப்ப அதுக்கப்புறம் நான் அவனுக்கு எழுதினதெல்லாம்?"

"நான்தான்டா பிரிச்சுப் படிச்சேன். எல்லாத்தையும்."

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கிற புத்தி இன்னும் போகலையா உனக்கு?"

"போகலைடா" என்றேன்.